பிராய்லர் கோழிக்குக் குடல் டானிக்: எதை எப்போது கொடுப்பது, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாகப் பிராய்லர் ஷெட் போட்டவர்கள் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ கோழி மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது பையில் நாலைந்து பாட்டிலாவது இருக்கும். ஈரல் டானிக், புரோபயாடிக், ஆசிட், வைட்டமின், அப்புறம் எதற்கென்றே தெரியாத பச்சை நிறத்தில் ஒன்று. எல்லாமே நல்ல சரக்காகக்கூட இருக்கலாம். ஆனால் அத்தனையையும் ஒரே தொட்டியில் ஒரே வாரத்தில் ஊற்றிவிடுவதால் ஒன்றை மற்றொன்று கெடுத்து, கோழிக்குப் போய்ச் சேருவது வெறும் கலர் தண்ணீராகிவிடுகிறது. எந்தக் கம்பெனி மருந்து என்பதைவிட, எந்த நாளில், எதோடு சேராமல் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பலன் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நீங்கள் கம்பெனிக் கோழி வளர்க்கிறீர்களா, சொந்தக் கோழியா? ஒப்பந்தத்தில் வளர்க்கிறவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியே தரும், என்ன கொடுத்தோம் என்பது அட்டையில் பதிவாகும். அவர்கள் சூப்பர்வைசரிடம் கேட்காமல் சொந்தமாக எதையும் சேர்க்க வேண்டாம். தீவனத்திலேயே ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து, செரிமானத்துக்கு உதவும் என்சைம், பூஞ்சை நச்சைப் பிடித்துவைக்கும் டாக்ஸின் பைண்டர் எல்லாம் பெரும்பாலும் போட்டே வருகிறது. நாமும் மேலே போட்டால் இரட்டிப்பாகும். சொந்தமாகக் குஞ்சு எடுத்து, தீவனமும் வாங்கி, 300 அல்லது 500 கோழி விடுகிறவர்களுக்குத்தான் இங்கே எழுதியிருப்பது முழுதாகப் பொருந்தும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோழி தின்னும் தீவனத்தின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. அதனால் குடலுக்குள் போகிற பொருளில் தண்ணீர்தான் அதிகம், அது கெட்டிருந்தால் மேலே எதை ஊற்றியும் பயனில்லை.

நம் மாவட்டத்துத் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் வெட்டுக்கல் மண்ணில் தோண்டிய கிணறுகளில் பெரும்பாலும் தண்ணீர் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பாக, அதாவது பிஎச் 7-க்குக் கீழே இருக்கும், சில கிணறுகளில் இரும்புச் சத்தும் சேர்ந்து குழாய் வாயில் செம்பழுப்புக் கறை படியும். ராஜாக்கமங்கலம், மணக்குடி போலக் கடலோரம் என்றால் உவர்ப்பும் கடினத் தன்மையும். அதனால் மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே ஆசிட் பாட்டிலைக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. ஏற்கெனவே புளிப்பான தண்ணீரில் மறுபடி ஆசிட் ஊற்றினால் பிஎச் 4-க்கும் கீழே இறங்கி, கோழி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும், கோழி தண்ணீர் குடிக்கிற குழாய் முனையான நிப்பிளும் அரிக்கும். பிஎச் பேப்பர் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. 6-இலிருந்து 6.8 வரை இருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. 7.5-க்கு மேலே போனால்தான் ஆசிட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போதும். 1000 லிட்டர் தொட்டிக்குச் சுமார் 10 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டியாகிச் சக்தி போய்விடும், ஆகையால் சின்னப் பாக்கெட்டாக வாங்குவது நல்லது. ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் நேரடியாக ஒரே வாளியில் கலக்காதீர்கள், குளோரின் புகை கிளம்பி உங்கள் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

குஞ்சு இறங்கும் நாள்

முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு 40 முதல் 45 கிராம்தான். முதல் ஏழு நாளில் அதன் உடம்பில் எல்லாவற்றையும்விட வேகமாக வளர்வது குடல். உள்சுவரில் இருக்கும் குடலுறிஞ்சிகள் நீண்டு விரிந்து, தீனியிலிருந்து சத்தை இழுக்கும் பரப்பு பெருகுவது இந்த நாட்களில்தான். இந்த வாரத்தில் பட்டினி போட்டுவிட்டு மூன்றாம் வாரத்தில் டானிக் ஊற்றினால் அந்தப் பரப்பு திரும்பக் கிடைக்காது.

ஆகவே குஞ்சு பெட்டி வந்து இறங்கும் முன்பே, சூடு கொடுக்கும் ப்ரூடருக்குக் கீழே 32 முதல் 34 டிகிரி சூடு இருக்க வேண்டும். மேலே காற்று சூடாக இருந்து, கீழே தரையில் பரப்பிய கூளம் சில்லென்று இருந்தால் குஞ்சு தீனி பக்கம் போகாது. கையைக் கூளத்தில் வைத்துப் பாருங்கள். எடவப்பாதி மழையில், அதாவது ஜூனில் தொடங்கும் மழையில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற ஷெட்டுகளில் இது பெரிய தொல்லை, அங்கே குஞ்சு வருவதற்கு முந்தின நாளே ப்ரூடரைப் போட்டுத் தரையைச் சூடாக்கிவிட வேண்டும்.

தூரத்திலிருந்து வண்டியில் வந்த குஞ்சுக்கு முதலில் இனிப்புத் தண்ணீர் கொடுக்கலாம். கடையில் குளுக்கோஸ் விற்பார்கள். நமக்குக் கருப்பட்டி இருக்கிறதே. நல்ல பனங்கருப்பட்டி லிட்டருக்கு 50 கிராம் தட்டிப் போட்டு, கரைத்து, மண் போக வடிகட்டிக் கொடுங்கள். ஆனால் முதல் சில மணி நேரம் மட்டும். நாள் முழுக்கக் கொடுத்தால் எச்சம் பிசுபிசுத்துப் பின்பக்கம் ஒட்டி அடைத்துக்கொள்ளும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி எறும்பும் படையெடுக்கும். அதற்கப்புறம் வெறும் சுத்தமான தண்ணீர்.

தீவனத்தைத் தட்டில் மட்டுமல்லாமல் முதல் இரண்டு நாள் காகிதம் விரித்து அதன்மேலும் தூவுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு, அதாவது 24 மணி நேரம் கழித்து, இருபது முப்பது குஞ்சைப் பிடித்துக் கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மிருதுவாக, உருண்டையாக, கஞ்சி நிறைந்ததுபோல் இருந்தால் தீனியும் தண்ணீரும் இரண்டும் உள்ளே போயிருக்கிறது. கெட்டியாக, உள்ளே குருணை தட்டுப்பட்டால் தண்ணீர் போதவில்லை. நீர் மட்டும் தளும்பினால் தீனி எட்டவில்லை. நூற்றில் 95 குஞ்சுக்காவது நிறைந்திருக்க வேண்டும். இதைவிட நல்ல குடல் பரிசோதனை கடையில் எந்தப் பாட்டிலிலும் கிடையாது.

புரோபயாடிக்: எப்போது, எப்படி

புரோபயாடிக் என்பது உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள். லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ், எண்டரோகாக்கஸ், சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் என்று பெயர்கள் லேபிளில் இருக்கும். தாய்க்கோழியோடு வளரும் நாட்டுக் குஞ்சுக்குத் தாயின் எச்சத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் இவை தானாகவே கிடைத்துவிடும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுக்கு அந்த வழி இல்லை, அதன் குடல் ஏறக்குறைய காலியிடம். அங்கே யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பதுதான் போட்டி. அதனால் புரோபயாடிக்கின் முழுப் பலன் முதல் மூன்று நான்கு நாளில்தான்.

அதற்குப் பிறகு கொடுக்கத் தகுந்த நேரங்கள்: ஆண்டிபயாடிக் கோர்ஸ் முடிந்த மறுநாளிலிருந்து, தடுப்பூசிக்குப் பிந்தைய இரண்டு நாள், முதல் கட்டத் தீவனமான ப்ரீ ஸ்டார்ட்டரிலிருந்து அடுத்த கட்டமான ஸ்டார்ட்டருக்கு மாற்றும் நாட்கள். மற்ற நாளில் கொடுத்தால் கெடுதல் இல்லை, காசுதான் போகும்.

குளோரின் போட்ட தண்ணீரில் புரோபயாடிக் கரைத்தால், பிளீச்சிங் பவுடர் எந்தக் கிருமியை வேண்டுமானாலும் கொல்லும், நல்லது கெட்டது பார்க்காது. ஆகவே அன்றைக்கு மட்டும் குளோரின் போடாத நல்ல கிணற்றுத் தண்ணீர், அல்லது கொதிக்க வைத்து ஆறவைத்தது. அதுபோல ஆண்டிபயாடிக் ஓடும்போதே புரோபயாடிக் கொடுப்பதும் வீண். ‘ரெண்டையும் சேர்த்தே குடுங்க, ஒண்ணும் ஆவாது’ என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் கலக்காதீர்கள். ஒரு நாள் தண்ணீரில் கால் பங்கை எடுத்து, காலையில் அதில் கலந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும்படி வையுங்கள். உதாரணத்துக்கு இரண்டாம் வாரத்தில் 500 கோழி நாளுக்கு 25 முதல் 30 கிலோ தீனி தின்றால், தண்ணீர் 50 முதல் 60 லிட்டர் வரும், மருந்து கலக்க வேண்டியது 15 லிட்டர். அளவு பாக்கெட்டில் போட்டிருப்பதே, கூட்ட வேண்டாம்.

வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமில் எத்தனை கோடி, தயாரித்த தேதி, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும், இவை நான்கும் இல்லாத பாக்கெட்டை வைத்துவிட்டு வாருங்கள். ஓட்டுக்கூரைக் கடையில் ஜன்னலோரம் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். பேசில்லஸ் வகை தன்னைச் சுற்றி வித்துறை (ஸ்போர்) போட்டுக்கொண்டு சூட்டைத் தாங்கும், அதனால்தான் குச்சித் தீவனத்தில் (பெல்லட்) அதைச் சேர்க்கிறார்கள். லாக்டோபேசில்லஸ் அப்படித் தாங்காது.

தயிர், மோர் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். புளித்த மோரை நன்றாக நீர்க்கக் கரைத்து, வெண்ணெய் எடுத்துவிட்டு, இளங்குஞ்சுக்குக் கொஞ்சம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் கோழிக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் கிடையாது, அளவு கூடினால் கழியும், கூளம் நனையும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மோர் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குள் நாறிவிடும், உடனே கழுவ வேண்டும். எவ்வளவு கிருமி போனது என்ற கணக்கும் இருக்காது. பத்து இருபது கோழிக்குச் சரி, 500-க்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

ப்ரீபயாடிக், பியூட்டிரேட், என்சைம்

ப்ரீபயாடிக் உயிருள்ளது அல்ல, நல்ல கிருமிகளுக்குத் தீனி. மானன் ஒலிகோசாக்கரைடு என்று ஈஸ்ட் செல் சுவரிலிருந்து எடுப்பது பரவலாகக் கிடைக்கிறது, எம்ஓஎஸ் என்பார்கள். கெட்ட கிருமி குடல் சுவரில் ஒட்டாமல் தன்மேல் ஒட்டவைத்து எச்சத்தோடு வெளியே கொண்டுபோவது இதன் இன்னொரு வேலை. தீவனத்தில் டன்னுக்கு 1 கிலோ அளவில் கலப்பார்கள். குளோரின், ஆண்டிபயாடிக் எதோடும் இதற்குச் சண்டை இல்லை, அதனால் புதியவர்கள் தயங்காமல் தொடங்கக்கூடியது இதுதான்.

பியூட்டிரேட் என்பது பியூட்டிரிக் அமிலத்தின் உப்பு. குடல் செல்களுக்கு நேரடி எரிபொருள். கழிச்சல் வந்து குடல் சுவர் தேய்ந்த பேட்சுக்கு நன்றாக வேலை செய்யும். பூச்சு போட்ட வகை வாங்கினால்தான் அது இரைப்பையைத் தாண்டிக் கீழ்க்குடல் வரை போகும், பூச்சு இல்லாதது மேலேயே கரைந்துவிடும். நாற்றம் கொஞ்சம் அதிகம், வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

என்சைம்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபைட்டேஸ், சைலனேஸ் போன்றவை கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே இருக்கும். சொந்தமாகத் தீவனம் அரைக்கிறவர்களுக்கு மட்டும்தான் தேவை. தேங்காய்ப் புண்ணாக்கு சேர்க்கிறவர்கள் மட்டும் மானனேஸ் என்ற ஒன்றைக் கவனியுங்கள், ஏனென்றால் தேங்காய்ப் புண்ணாக்கில் மானன் என்ற நார்ச்சத்து நிறைய, கோழியால் அதை உடைக்க முடியாமல் எச்சம் பிசுபிசுக்கும்.

நம்ம ஊர்ச் சரக்குகள்

நம் மாவட்டத்தில் தேங்காய்ப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மூன்றும் சுலபமாகக் கிடைப்பதால் ‘இதைப் போட்டால் தீவனச் செலவு குறையுமே’ என்று தோன்றும். பிராய்லருக்கு மட்டும் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இந்திய தர நிர்ணயப்படி ப்ரீ ஸ்டார்ட்டரில் 23 சதவீதம், ஸ்டார்ட்டரில் 22, கடைசிக் கட்டமான ஃபினிஷரில் 20 சதவீதம் புரதம் வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கைக் கலந்தால் லைசின் என்ற புரதச் சத்து குறைந்து, சதை பிடிக்காது. பழைய புண்ணாக்கு காறலெடுத்திருந்தால் குடலையும் ஈரலையும் சேர்த்துக் கெடுக்கும். குளச்சல் பக்கம் கிடைக்கிற கருவாட்டுத் தூளில் உப்பும் மணலும் அதிகம், உப்பு கூடினால் தண்ணீர் கூடக் குடிக்கும், எச்சம் நீர்த்து, கூளம் சேறாகும். சால்மோனெல்லா கிருமி அபாயமும் உண்டு. மரச்சீனித் தோலையும் இலையையும் பச்சையாகப் போடவே கூடாது, சயனைடு இருக்கிறது. இதெல்லாம் நாட்டுக்கோழிக்கு வேறு கதை.

மஞ்சள், பூண்டு, இஞ்சி, சீரகம், கீழாநெல்லி போன்றவற்றில் மஞ்சளும் பூண்டும்தான் பிராய்லரில் நிறைய சோதிக்கப்பட்டவை. மஞ்சள் தூள் தீவனத்தில் கிலோவுக்கு 5 கிராம் போதும். கடைத் தூளில் நிறம் கலந்திருக்கலாம், கிழங்கு மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வதே மேல். பூண்டும் அதே அளவு, நசுக்கித் தீவனத்தில் கலந்த அன்றே போட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். இவை தீனி தின்னும் ஆசையைத் தூண்டும், கிருமியைக் கொஞ்சம் அடக்கும். ரத்தக் கழிச்சல் வந்த பேட்சை மஞ்சள் மட்டும் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஈரம், பூஞ்சை, ரத்தக் கழிச்சல்

நமக்கு இரண்டு மழை. ஜூனிலிருந்து ஒன்று, அக்டோபரிலிருந்து இன்னொன்று. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் காற்று அடித்துக் கூளம் காய்ந்துவிடும், மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். குடல் நோயில் பாதி இந்த ஈரத்திலிருந்துதான் வருகிறது.

ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை, எச்சத்தோடு வெளியே விழும்போது தொற்றாது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்து ஓரிரு நாள் முதிர்ந்த பிறகுதான் தொற்றும். ஆக, கூளம் உலர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், பிரிந்து உதிர்ந்தால் சரி. தென்னை நார்க்கழிவு போடுகிறவர்கள் அது வெயிலில் முழுக்கக் காய்ந்ததா என்று பார்த்துப் போட வேண்டும், பார்க்க உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நிப்பிளுக்கும் கிண்ணத்துக்கும் கீழே கட்டி பிடித்ததை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ஈரக் கூளத்தின்மேல் சுண்ணாம்பு தூவுவது பழைய பழக்கம், ஆனால் அமோனியா நெடி அப்போது கூடத்தான் செய்யும்.

எச்சத்தைப் பார்க்கப் பழகுங்கள். பழுப்பாக, கொஞ்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருந்தால் நல்ல எச்சம். இடையிடையே சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக, நாற்றமாக ஒன்று விழும், அதைப் பார்த்துப் புதியவர்கள் பயந்து மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். அது குருட்டுக்குடல் எச்சம், இயல்பானது. கவலைப்பட வேண்டியது வேறு: ஆரஞ்சு நிறச் சளித்துண்டு, மக்காச்சோளக் குருணை செரிக்காமல் அப்படியே வருவது, நுரை, ரத்தம். காலையில் வெளிச்சம் வந்ததும் ஷெட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு காகிதத்தை விரித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கூளத்தில் விழுந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

ரத்தம் தெரிந்தால் டானிக் வேலையை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்தால், அது கொடுக்கும் நாட்களில் பி காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்திவிட வேண்டும். அந்த மருந்து வேலை செய்வதே பி1 வைட்டமின் போல நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான். நாமே பி1-ஐ ஊற்றிக் கொடுத்தால் ஒட்டுண்ணிக்குத்தான் விருந்து. கோர்ஸ் முடிந்த பிறகு பி காம்ப்ளக்ஸ், வைட்டமின் ஏ, கே கொடுக்கலாம்.

ரத்தக் கழிச்சலுக்குப் பின்னாலேயே கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி உள்ளே வரும். செத்த கோழியின் குடலைக் கீறினால் உட்சுவர் குளிக்கிற டவல்போல சொரசொரப்பாக, பழுப்புப் படலத்தோடு இருக்கும். இதற்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்துதான் வழி. திடீரென்று ஒரே நாளில் நிறைய செத்தால் மட்டும் எதையும் அறுக்காதீர்கள், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மற்ற சமயங்களில் புதிதாகச் செத்ததை ஐஸ் வைத்து எடுத்துப் போனால் பார்த்துச் சொல்வார்கள். பக்கத்தில் கல்லூரி வேண்டுமென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பூஞ்சை நச்சு இன்னொரு பக்கம். தீவன மூட்டையைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டால் மழைக்காலத்தில் அடிமூட்டை கட்டி பிடித்துவிடும். மரப்பலகை மேலே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள், பத்து பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம். அஃப்ளடாக்ஸின் ஈரலையும் தடுப்பு சக்தியையும் சேர்த்துக் கெடுக்கும், தடுப்பூசி போட்டும் ஏறாமல் போவதற்கு இது ஒரு காரணம். சொந்தத் தீவனத்தில் டாக்ஸின் பைண்டர் டன்னுக்கு 1 முதல் 2 கிலோ. கட்டி பிடித்த தீவனத்தை உடைத்துப் போட்டுவிட்டு மேலே ஈரல் டானிக் ஊற்றுவது காசுக்கு இரட்டை நஷ்டம். அந்த மூட்டையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

தடுப்பூசியோடு மோதாமல் நாட்களைப் பிரிப்பது

புதியவர்கள் தவறவிடுவது இங்கேதான். 5 முதல் 7 நாளுக்குள் வெள்ளைக் கழிச்சல் சொட்டு கண்ணில் விடுவோம், அதற்குத் தண்ணீரோடு சம்பந்தமில்லை. 12 முதல் 14-இல் கம்போரோ நோய்த் தடுப்பூசி, 21-க்கு மேலே வெள்ளைக் கழிச்சலுக்கே மறுபடி லசோட்டா, இவை தண்ணீரில் போகும். இரண்டும் உயிருள்ள வைரஸ். தண்ணீரில் குளோரினோ ஆசிட்டோ இருந்தால் தடுப்பூசி செத்துப்போகும். ஆகவே இரண்டு நாள் முன்னாலிருந்து மறுநாள் வரை அவை கூடாது. தடுப்பூசித் தண்ணீரில் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் மிச்சமிருக்கும் குளோரினையும் அது அடக்கும்.

இதை வைத்து என் கணக்கு இப்படிப் போகும். முதல் நாள் சில மணி நேரம் கருப்பட்டித் தண்ணீர், அதன்பின் நாலாம் நாள் வரை காலையில் புரோபயாடிக், மத்தியானம் வைட்டமின். எட்டிலிருந்து பத்து வரை பிஎச் கூடுதலாக இருந்தால் மட்டும் ஆசிட். பத்தாம் நாளோடு எல்லாவற்றையும் நிறுத்தி, பதின்மூன்றில் கம்போரோ, பதினான்கு பதினைந்தில் மறுபடி புரோபயாடிக். பதினாறிலிருந்து இருபது வரை எச்சத்தின்மேல் கண், மழை என்றால், அப்போதும் பிஎச் கூடுதலாக இருந்தால் மட்டும், ஆசிட் ஓரிரு நாள். இருபத்துநான்கில் லசோட்டா போடுவதென்றால் இருபத்திரண்டிலிருந்து வெறும் தண்ணீர். தடுப்பூசி நாட்கள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் மருத்துவர் சொன்ன தேதியை வைத்து மற்றதை அதற்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளுங்கள். சுவரில் காலண்டரைத் தொங்கவிட்டு முன்கூட்டியே எழுதிவிட்டால் குழப்பம் வராது.

மார்ச்சிலிருந்து மே வரை கொதிக்கும்போது எலக்ட்ரோலைட்டும் வைட்டமின் சி-யும் தனிக்கணக்கு. அது குடல் மருந்து இல்லை, மத்தியான வெயிலைத் தாங்கத்தான்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எடை போட்டால்தான் தெரியும். 500 கோழியில் வாரம் ஒரு முறை 50-ஐ அங்கங்கே பிடித்துத் தராசில் வையுங்கள். ஏழாம் நாள் 170 முதல் 180 கிராம், அதாவது வந்தபோது இருந்ததைப்போல நாலு மடங்கு. பதினாலில் 430 வாக்கில், இருபத்தொன்றில் 850, இருபத்தெட்டில் 1 கிலோ 400, முப்பத்தைந்தில் 2 கிலோவுக்குப் பக்கம். ஏழாம் நாளே 150-க்குக் கீழே நின்றால் ப்ரூடரிலும் தண்ணீரிலும் கோளாறு தேடுங்கள், கடையில் தேடாதீர்கள்.

அப்புறம் காசுக் கணக்கு. தின்ற தீவனத்தை ஏறிய எடையால் வகுத்தால் வருவது எஃப்சிஆர். 500 கோழி 2 கிலோ வீதம் என்றால் மொத்தம் 1000 கிலோ. உங்கள் எஃப்சிஆர் 1.70-இலிருந்து 1.65-க்கு இறங்கினால் மிச்சமாவது 50 கிலோ தீவனம், சரியாக ஒரு மூட்டை. நீங்கள் வாங்கிய குடல் மருந்துகளின் மொத்த விலை அந்த ஒரு மூட்டையைத் தாண்டினால், அந்த அளவு முன்னேற்றம் வந்தும்கூட நஷ்டம்தான். சந்தேகம் இருந்தால் ஷெட்டை நடுவில் வலை கட்டி இரண்டாக்கி, தண்ணீர்த் தொட்டியையும் தனித்தனியாக வைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒரே பேட்சில் ஒரே ஒரு பொருளை மட்டும் சோதிக்க வேண்டும், மூன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு எது வேலை செய்தது என்று யோசிப்பதில் அர்த்தமில்லை.

வளர்ச்சிக்காக ஆண்டிபயாடிக் கலக்கும் பழைய வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே அதை முழுக்க நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2019-இல் கோலிஸ்டினை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தடை செய்தார்கள், மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. லேபிள் இல்லாத வெள்ளைப் பொடியை யாராவது ‘எடை ஏத்தும்’ என்று கொண்டு வந்தால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கடைசி வாரத்தில் எதையும் சேர்க்காதீர்கள். மருத்துவர் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் விற்பனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று லேபிளில் இருக்கும், அதை எண்ணித்தான் வண்டிக்குச் சொல்ல வேண்டும், களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற கோழியானாலும் நாகர்கோவில் கறிக்கடைக்குப் போகிறதானாலும் சரி. பிடிப்பதற்கு ஏழெட்டு மணி நேரம் முன்பு தீவனத் தட்டைத் தூக்கிவிடுங்கள், தண்ணீர் மட்டும் கடைசிக் கோழி கூட்டில் ஏறும் வரை இருக்கட்டும். ஷெட் காலியானதும் தண்ணீர் குழாயை உள்ளே ஆசிட் விட்டு இரவு முழுக்க நிறுத்தி, காலையில் நன்றாக அலசுங்கள். வைட்டமினும் கருப்பட்டியும் போன குழாய்க்குள் வழுவழுவென்று ஒரு படலம் படிந்திருக்கும், அதை எடுக்காமல் அடுத்த பேட்ச் குஞ்சை இறக்கக் கூடாது.